விலைபோகாத வெள்ளிப் பெட்டி

1981-ஆம் ஆண்டின் கடைசியில் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் ஒரு சின்ன வெள்ளி நிறப் பெட்டியைக் கடைகளுக்கு அனுப்பியது. பெயர் டிபி-303. விலை 395 டாலர். பேஸ் கிட்டார் வாசிக்கத் துணையில்லாத கிட்டார்காரர் வீட்டில் தனியாகப் பயிற்சி செய்யும்போது, அடிச்சுரத்தை இந்தப் பெட்டி விடாமல் போட்டுக்கொண்டிருக்கும் என்பது திட்டம். தாளத்துக்கு டிஆர்-606 என்று அதே அளவில் இன்னொரு பெட்டியும் உண்டு. இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால் போதும், பக்கத்தில் இரண்டு ஆள் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி. மின்சாரம் இல்லையென்றால் பேட்டரியிலும் ஓடும்.

கிட்டார்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குறை அவர்கள்மேல் இல்லை. பெட்டியிலிருந்து வந்த சத்தத்துக்கும் பேஸ் கிட்டாருக்கும் ஸ்நானப் பிராப்தியே கிடையாது. பதிவு செய்யும் முறையோ பெரிய தண்டனை. முதலில் சுரங்களை மட்டும் வரிசையாக அழுத்த வேண்டும். பிறகு வேறு நிலைக்குப் போய், அந்தச் சுரங்கள் எந்த இடத்தில் விழ வேண்டும், எது நீள வேண்டும், எங்கே மௌனம் வர வேண்டும் என்று காலத்தை மட்டும் தனியாகப் பதிய வேண்டும். நடுவில் ஒன்று தப்பினால் எல்லாமே ஓர் இடம் தள்ளி விழும். 1984-இல் ரோலண்ட் தயாரிப்பையே நிறுத்தியது. அதுவரை செய்தவை ஏறக்குறைய 10,000. அவை அடகுக் கடைகளிலும் பழைய சாமான் கடைகளிலும் போய்ச் சேர்ந்தன. மின்னணு நடன இசையின் கதையில் பாதி அந்தக் கடைகளிலிருந்துதான் கிளம்புகிறது.

மேடையில் வைத்து ஜனங்களை ஆட வைக்க எந்தக் கருவிகளைத் தேர்ந்தெடுப்பது என்று இன்று கேட்பவருக்கு நூறு பெட்டிகள் கண்முன் நிற்கின்றன. அந்த நூறிலும் பெரும்பாலானவை 1980-க்கும் 1984-க்கும் இடையில் வந்த நாலைந்து பெட்டிகளின் வாரிசுகள். அந்த நாலைந்தும் நடனத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதுதான் வேடிக்கை.

ரோலண்டைத் தொடங்கிய இகுதாரோ காகேஹாஷி 1930-இல் ஒசாகாவில் பிறந்தவர். சிறுவயதிலேயே காசநோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்தார். பதினாறு வயதில் கடிகாரம் பழுது பார்க்கும் கடை வைத்தார், பிறகு ரேடியோ பழுது, பிறகு ஆர்கன். நடுவில் காசநோய் அவரையே சில வருடம் மருத்துவமனையில் படுக்க வைத்தது. 1960-இல் ஏஸ் எலெக்ட்ரானிக் என்ற கம்பெனியைத் தொடங்கினார். அது 1960-களில் 'ரிதம் ஏஸ்' என்ற தாளப் பெட்டியைக் கொண்டுவந்தது. வீட்டிலும் ஓட்டல் கூடங்களிலும் தனியாக ஆர்கன் வாசிப்பவருக்குப் பின்தாளம் போடுவது அதன் வேலை. ரும்பா வேண்டுமா, வால்ட்ஸ் வேண்டுமா, பொத்தானை அழுத்தினால் சரி. 1972-இல் ரோலண்டைத் தொடங்கியபோதும் அதே எண்ணம்தான் தொடர்ந்தது. துணையில்லாமல் வாசிக்கிறவருக்குத் துணை. 808 என்ற தாளப் பெட்டியும் 303-உம் அந்த எண்ணத்தின் பிள்ளைகள்.

1980-இல் வந்த டிஆர்-808 தாளப் பெட்டியின் விலை 1,195 டாலர். அதே ஆண்டு அமெரிக்காவில் ரோஜர் லின் செய்த எல்எம்-1 என்ற டிரம் மெஷின், உண்மையான டிரம் சத்தங்களையே பதிந்து வைத்திருந்தது. விலை ஏறக்குறைய 5,000 டாலர். பெரிய ஸ்டூடியோக்களும் பிரின்ஸ் போன்ற நட்சத்திரங்களும் அதை வாங்கினார்கள். 808-இல் பதிவு செய்த சத்தம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் மின்சுற்றே உண்டாக்கியது. அதன் பேஸ் டிரம் 'பூம்' என்று அடிவயிற்றில் இறங்கியது, கைதட்டல் யாரோ பக்கத்து அறையில் தட்டுவதுபோல் இருந்தது. டிரம் மாதிரியே இல்லை என்று பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். டோக்கியோவின் யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா மட்டும் வந்த வருடமே அதை மேடையேற்றியது. 1982-இல் ஆஃப்ரிகா பம்பாட்டாவின் 'பிளானட் ராக்' நியூயார்க் தெருக்களில் அதன் அடியைப் பரப்பியது. மூன்றே வருடம், 12,000 சொச்சம் பெட்டிகள், அத்தோடு 808-இன் ஆயுசு முடிந்தது. அதன் இரைச்சல் சத்தங்களுக்கு ரோலண்ட் தேடித் தேடிப் பயன்படுத்தியது குறையுள்ள ஒருவகை டிரான்சிஸ்டர். குறைக்கடத்தித் தொழில் முன்னேறியதும் அந்தக் குறை டிரான்சிஸ்டர் கிடைக்காமல் போயிற்று.

808-இன் முகப்பில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கீழ்வரிசையில் 16 பொத்தான்கள், நாலு நாலாக நாலு நிறம்: சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை. எந்தப் பொத்தானை அழுத்துகிறோமோ அந்த இடத்தில் அடி விழும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் அடியைச் சேர்க்கலாம், எடுக்கலாம். சதுஸ்ர நடை தெரிந்த யாருக்கும் ஐந்து நிமிடத்தில் பிடிபடும். எழுதத் தெரியாதவரும் தாளத்தைக் கண்ணால் பார்த்துக் கையால் மாற்றலாம் என்ற இந்த ஏற்பாடு அப்புறம் எங்கும் போகவில்லை. இன்றைக்கு வருகிற பல தாளப் பெட்டிகளைத் திறந்தாலும் அந்த 16 பொத்தான் வரிசை சிரிக்கிறது. திஸ்ரம் வேண்டுமென்றால் அதற்கும் 808-இல் வழி இருந்தது. ஆனால் சௌகரியமாக இருப்பதைத்தானே கை தேடும்? உலகத்தின் கிளப்புகளெல்லாம் நாற்பது வருடமாக நாலு நாலாகவே ஆடிக்கொண்டிருப்பதற்கு இந்தப் பொத்தான் வரிசைக்கும் பங்கு உண்டு.

303 அமெரிக்காவில் பேர் வாங்குவதற்கு முன்பே மும்பையில் ஒருவர் இந்தப் பெட்டிகளை மேசைமேல் வரிசையாக வைத்திருந்தார். சரண்ஜித் சிங், இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் பல வருடம் கிட்டாரும் கீபோர்டும் வாசித்தவர். கல்யாண வீடுகளிலும் வாசித்தவர். ரோலண்டின் ஜூப்பிடர்-8 சிந்தசைசர், 808, 303 மூன்றையும் வாங்கி இணைத்து, 1982-இல் எச்எம்வி இசைத்தட்டாகப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வெளியிட்டார். பைரவி, லலித், பூபாலி, மால்கௌன்ஸ் எல்லாம் அதில் உண்டு. பூபாலி நம் மோகனம், மால்கௌன்ஸ் நம் இந்தோளம். 303-இல் 'ஸ்லைடு' என்று ஒரு வசதி, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகும். ஜாரு பிடிக்கத் தெரிந்த காதுக்கு அதன் பயன் உடனே விளங்கியிருக்கும். கிட்டார்காரர்களுக்கு விளங்காதது ஒரு ராகக்காரருக்கு விளங்கியதில் அதிசயமில்லை.

இசைத்தட்டு விற்கவில்லை. இருபது வருடம் கழித்து நெதர்லாந்தைச் சேர்ந்த பழைய இசைத்தட்டு வேட்டைக்காரர் ஒருவர் கையில் சிக்கி, 2010-இல் மறுபதிப்பாக வந்தபோது ஐரோப்பாவில் பலர் வாயடைத்துப் போனார்கள். சிகாகோவில் பின்னால் பிறந்த 'ஆசிட் ஹவுஸ்' இசையின் சாயல் அப்படியே இருந்தது. யாரோ விளையாட்டுக்குப் புதிதாகச் செய்து பழையது என்று விடுகிறார்கள் என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். முதியவர் சிங் தன் ஜூப்பிடரை எடுத்துக்கொண்டு ஐரோப்பிய மேடைகளில் ஏறி வாசித்தார். 2015-இல் காலமானார். ஆசிட் ஹவுஸை இந்தியர்தான் கண்டுபிடித்தார் என்று பெருமை பேசுவது மிகை. சிகாகோப் பையன்கள் அவர் பெயரையே கேட்டதில்லை. ஒரே பெட்டிகள் இரண்டு ஊரில் இரண்டு விதக் கைகளில் மாட்டின, ஒன்றுக்கொன்று பக்கத்தில் போய் நின்றன, அவ்வளவுதான்.

சிகாகோவில் நடந்தது வேறு மாதிரி. அங்கே 1977-இல் 'வேர்ஹவுஸ்' என்ற கிளப்பில் ஃப்ராங்கி நக்கிள்ஸ் டிஜேயாக வந்தார். கறுப்பின, லத்தீன் இளைஞர்கள், பெரும்பாலும் தன்பாலின ஈர்ப்பாளர்கள், விடியவிடிய ஆடும் இடம். 'ஹவுஸ்' என்ற பெயரே அந்தக் கிளப்பின் வால்தான் என்பார்கள். டிஸ்கோ இசைத்தட்டுகள் வருவது குறைந்தபோது, இருக்கிற தட்டுகளுக்கு அடியில் தாளப் பெட்டியின் கிக்கை, அதாவது பேஸ் டிரம் அடியைச் சேர்த்து நீட்டினார்கள். பிறகு தட்டே தேவையில்லாமல் போனது. ஜெஸ்ஸி சாண்டர்ஸ் 1984-இல் வெளியிட்ட 'ஆன் அண்ட் ஆன்' முதல் ஹவுஸ் இசைத்தட்டு என்று பலர் சொல்கிறார்கள். அதில் 808-உம் உண்டு, 303-உம் உண்டு.

303-இன் உண்மையான குரல் வெளியே வந்தது ஸ்பாங்கி, டிஜே பியர், ஹெர்ப் ஜே என்ற மூன்று நண்பர்களின் கையில். 'ஃப்யூச்சர்' என்று குழுப் பெயர். ஸ்பாங்கி பழைய 303 ஒன்றை மலிவாக வாங்கி வந்திருந்தார். கையேடு கிடையாது, பதியத் தெரியாது. பெட்டிக்குள் ஏற்கெனவே கிடந்த ஏதோ ஒரு சுர வரிசை ஓட, பியர் குமிழ்களைத் திருகத் தொடங்கினார். முகப்பில் மேல்வரிசையாக ஆறு குமிழ்கள். சத்தத்தின் கூர்மையை வெட்டுவது ஒன்று, வெட்டுகிற இடத்தில் அதைச் சீற வைப்பது இன்னொன்று. இசைத்துக்கொண்டே திருகுவதற்காக அவை வைக்கப்படவில்லை, ஒருமுறை சரிசெய்துவிட்டு மறந்துபோவதற்காக வைக்கப்பட்டவை. அவற்றை நில்லாமல் திருகினால் பெட்டி முனகும், கிறீச்சிடும், குமிழி விடும். பன்னிரண்டு நிமிடத்துக்குப் பக்கமாக நீளும் அந்தப் பதிவை ஒலிநாடாவில் 'மியூசிக் பாக்ஸ்' கிளப்பின் டிஜே ரான் ஹார்டியிடம் கொடுத்தார்கள். முதல்முறை போட்டபோது கூட்டம் தளத்தைக் காலிசெய்தது. ஹார்டி அசரவில்லை. அதே இரவில் மறுபடி மறுபடி போட்டார். நாலாவது முறை ஜனங்கள் கத்தித் தீர்த்தார்கள். 'ஆசிட் டிராக்ஸ்' என்ற பெயரில் அது 1987-இல் டிராக்ஸ் ரெக்கார்ட்ஸ் வெளியீடாக வந்தது.

தேர்வு என்று எடுத்துக்கொண்டால் இதில் தேர்வே இல்லை. பணமில்லாதவர்கள் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் கையில் கிடைத்ததற்கு ஒரு குணம் இருந்தது: குமிழின் நிலை எதுவும் நினைவில் தங்காது. சுர வரிசையை 303 ஞாபகம் வைத்துக்கொள்ளும், குமிழ் எங்கே நின்றது என்பதை வைத்துக்கொள்ளாது. நேற்று வாசித்ததை இன்று அப்படியே வாசிக்க முடியாது. ஸ்டூடியோக்காரர்களுக்கு எரிச்சல் தருகிற இதே குணம்தான் மேடையில் அந்தப் பெட்டியை உயிருள்ள வாத்தியமாக ஆக்கியது.

டெட்ராய்ட்டிலும் கிட்டத்தட்ட அதே வயதுக்காரர்கள், அதே பெட்டிகள். ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் பக்கத்து ஊரான பெல்வில்லில் ஒன்றாகப் படித்தவர்கள். அட்கின்ஸ் 1985-இல் 'மாடல் 500' என்ற பெயரில் வெளியிட்ட 'நோ யூஎஃப்ஓஸ்' முதல், டெக்னோ என்று உலகம் பின்னால் அழைத்த இசை அங்கே உருவானது. இரண்டு ஊருக்கும் நடுவில் பாலமாக ஒரு பெட்டி: டெரிக் மே தன் டிஆர்-909-ஐ சிகாகோவுக்குக் கொண்டுபோய் நக்கிள்ஸிடம் விற்றார்.

909-ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1983-இல் வந்தது, 303-ஐ வடிவமைத்த தடாவ் கிகுமோட்டோவின் கைவேலை. கிக்கும் ஸ்னேரும் மின்சுற்றால், ஹை-ஹாட்டும் சிம்பலும் மட்டும் பதிவு செய்த சத்தம். அந்தப் பதிவும் ஆறு பிட் தரத்தில், கரகரவென்று. கடைகளில் அதுவும் தோல்விதான், ஒரு வருடத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். ஆனால் முதுகுப்புறத்தில் அது ஒரு பெரிய நன்மை செய்தது. 808, 303, 606 மூன்றும் ரோலண்டின் சொந்த மொழியில் பேசிக்கொள்பவை: கால் தாள அளவுக்கு 24 துடிப்பு அனுப்பும் ஐந்து முனைக் கம்பி. 1983 ஜனவரியில் அமெரிக்க இசைக்கருவிக் கண்காட்சியில் ரோலண்டின் ஜூப்பிடர்-6 சிந்தசைசரும் போட்டியாளரான டேவ் ஸ்மித்தின் ப்ராஃபெட்-600-உம் ஒன்றோடொன்று இணைந்து வாசித்துக் காட்டின. போட்டிக் கம்பெனிகளின் கருவிகளை ஒரே மொழிக்குள் கொண்டுவந்த அந்த ஏற்பாடுதான் 'மிடி'. அதற்கும் ஐந்து முனைக் கம்பி, பார்க்க ஒரே மாதிரி, ஆனால் பேசுகிற பாஷை வேறு. ஒன்றை மற்றதில் செருகிவிட்டு ஏன் ஓடவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஏராளம். 909-இல் இரண்டு வகைக்கும் துளை இருந்தது. பழைய பெட்டிகளையும் புதிய சிந்தசைசர்களையும் ஒரே மேசையில் வைத்தவருக்கு நடுவில் நின்று மொழிபெயர்க்க 909 தேவைப்பட்டது. கச்சேரியில் தாளம் போடுகிறவர் கை நின்றால் எல்லோரும் நிற்பதுபோல, மேசையில் இருக்கிற நாலு பெட்டிக்கும் ஒருவர்தான் காலம் சொல்ல முடியும். அந்த இடத்தைப் பல வருடம் 909 வகித்தது. டெட்ராய்ட்டின் ஜெஃப் மில்ஸ் பின்னால் அதையே தனி வாத்தியமாக வாசிக்கக் கற்றார். பதிந்து வைத்ததை ஓடவிட்டு நிற்கமாட்டார். இசைத்தட்டுகளுக்கு நடுவில் அடிகளைச் சேர்த்தும் எடுத்தும் அந்த நிமிடத்திலேயே தாளம் கட்டுவார்.

இசை கடல் தாண்டி பிரிட்டனுக்குப் போனதும் 'லைவ்' என்ற கேள்வி எழுந்தது. 1988 கோடையில் அங்கே ஆசிட் ஹவுஸ் தீப்பிடித்தது. மான்செஸ்டரில் ஒரு குழு தன் பெயரையே தாளப் பெட்டியிலிருந்து எடுத்து '808 ஸ்டேட்' என்று வைத்துக்கொண்டது. அதிலிருந்து விலகிய ஜெரால்டு சிம்ப்சன் 'எ கை கால்டு ஜெரால்டு' என்ற பெயரில் 'வூடூ ரே' தந்தார். ஆனால் அன்றைய கிளப் மேடைகளில் இசைத்தட்டைப் பின்னால் ஓடவிட்டு, கீபோர்டைத் தொடுவதுபோல் பாவனை செய்துவிட்டு இறங்குகிறவர்களே அதிகம். காசு கொடுத்து வந்தவர்களுக்கு அது தெரியாமலும் இல்லை.

அந்தப் பாவனையை உடைத்தவர்களில் முக்கியமானவர்கள் ஆர்பிடல் என்ற பெயரில் வாசித்த ஹார்ட்னோல் சகோதரர்கள். அவர்களுடைய முதல் வெற்றிப் பாட்டான 'சைம்' அப்பாவின் கேசட் டெக்கில் பதிவு செய்யப்பட்டது என்று ஒரு கதை உண்டு. மேடையில் அவர்கள் தேர்ந்தெடுத்த கருவிதான் சுவாரஸ்யம்: அலெசிஸ் கம்பெனியின் எம்எம்டி-8. தானாகச் சத்தமே எழுப்பாமல், பதிந்த சுர வரிசைகளை மற்ற கருவிகளுக்கு அனுப்பும் மலிவான சீக்வென்சர். எட்டு இழைகளுக்கு எட்டுப் பெரிய பொத்தான், அழுத்தினால் அந்த இழை நிற்கும், மறுபடி அழுத்தினால் வரும். ஸ்டூடியோவில் இதைவிடக் கெட்டிக்காரக் கருவிகள் எத்தனையோ இருந்தன. ஆனால் இருட்டில், வியர்வைக் கையோடு, கூட்டம் அலறும்போது, பாட்டின் எந்தப் பகுதி எப்போது வர வேண்டும் என்று முடிவு செய்ய எட்டுப் பெரிய பொத்தான் போதுமானது. கருவிகளைப் பார்க்க வெளிச்சம் வேண்டுமே என்று இரு பக்கமும் விளக்குப் பொருத்திய கண்ணாடியை அணிந்துகொண்டார்கள். 1994-இல் கிளாஸ்டன்பரி விழாவில் அவர்கள் வாசித்தபோது, கிட்டாரில்லாத இசையும் பெரிய மேடையைத் தாங்கும் என்பது அங்கே நிறையப் பேருக்கு உறைத்தது.

அதே வருடம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குற்றவியல் நீதிச் சட்டத்தில், திறந்தவெளியில் இரவில் கூடும் இசைக் கூட்டங்களைக் கலைக்கப் போலீசுக்கு அதிகாரம் தரும் பிரிவு ஒன்று வந்தது. 'தொடர்ந்து திரும்பத் திரும்ப வரும் தாளம்' என்பதைச் சட்டத்தின் வாசகத்திலேயே சேர்த்தார்கள். 1992 மே மாதம் கேசில்மார்டன் பொதுவெளியில் ஆயிரக்கணக்கானோர் ஒரு வாரம் கூடியதன் எதிர்வினை அது. வயல்வெளிக் கூட்டத்துக்கு வேனும் ஜெனரேட்டரும்தான் மேடை. அப்படிப்பட்ட இடத்துக்குச் சின்னப் பெட்டிகளே பொருத்தம். சீக்கிரம் இறக்கலாம், போலீஸ் வந்தால் சீக்கிரம் ஏற்றலாம்.

இதற்குள் பழைய சாமான் கடைக் கணக்கு தலைகீழாகிவிட்டது. தோற்றுப்போன பெட்டிகளை எல்லோரும் தேடினார்கள், விலை ஏறிக்கொண்டே போனது. ரோலண்ட் விழித்துக்கொண்டு 1996-இல் எம்சி-303 என்று ஒன்றை விட்டது. 'குரூவ்பாக்ஸ்' என்று அதற்குப் பட்டம். பெயரில் 303 இருந்தது, சத்தத்தில் இல்லை என்பது ஆசிட் ரசிகர்களின் புகார். புகாரில் நியாயம் உண்டு. ஆனால் தாளமும் பேஸும் சிந்தசைசரும் சீக்வென்சரும் ஒரே பெட்டியில், ஒரே மின்கம்பியில் என்ற யோசனையைப் பரவலாக்கியதும் அதுதான். 1997-இல் ஸ்டாக்ஹோமின் ப்ராப்பெல்லர்ஹெட் கம்பெனி 'ரீபர்த்' என்ற மென்பொருளில் இரண்டு 303-ஐயும் ஒரு 808-ஐயும் கணினித் திரைக்குள் அடைத்தது. 2001-இல் பெர்லினிலிருந்து 'ஏபிள்டன் லைவ்' வந்தது. ஒரு மடிக்கணினி இருந்தால் மேசையே தேவையில்லை என்றாகிவிட்டது.

தேவையில்லை என்பது உண்மைதான். பார்க்கிறவர்களுக்கு மட்டும் அது ஏதோ மின்னஞ்சல் படிப்பதுபோல் தெரிந்தது. திரையில் எலியை நகர்த்துகிறவர் முகத்தில் ஒன்றும் ஓடாது. குமிழைத் திருகுகிறவரின் தோளே ஆடும். மடிக்கணினி வந்த பத்துப் பதினைந்து வருடத்தில் மறுபடி பெட்டிகளுக்கு மவுசு கூடியதற்குச் சத்தத்தின் தரம் மட்டும் காரணமல்ல.

கார்க் நிறுவனம் 1999-இலேயே 'எலெக்ட்ரைப்' வரிசையைத் தொடங்கியிருந்தது. ஆனால் நிலைமையை மாற்றியது 2013-இல் அது விட்ட 'வோல்கா' மூவர்: தாளத்துக்கு ஒன்று, பேஸுக்கு ஒன்று, சுரக்கட்டுக்கு ஒன்று. தலைமை வடிவமைப்பாளர் தட்சுயா டகஹாஷி. ஒவ்வொன்றும் சுமார் 150 டாலர். பேட்டரியில் ஓடும், உள்ளேயே சின்ன ஒலிபெருக்கி. மூன்றையும் ஒரு தோள்பையில் போட்டுக்கொண்டு போகலாம். மூன்றும் சேர்ந்த விலையும் பழைய 303 ஒன்றின் விலையில் ஒரு சிறு பங்கு. 2015-இல் ஸ்வீடனின் டீனேஜ் எஞ்ஜினியரிங் இன்னும் கீழே இறங்கி, உறையே இல்லாத வெறும் மின்பலகையாக, கால்குலேட்டர் அளவில், 59 டாலருக்கு 'பாக்கெட் ஆபரேட்டர்' விற்றது. 1981-இல் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் தங்கள் ஸ்டூடியோ முழுவதையும் லாரியில் ஏற்றி ஊர் ஊராகப் போனபோது, ஒரு பாட்டுக்கு மட்டும் பொம்மைத் தாளப் பெட்டியையும் கையடக்கக் கருவிகளையும் ஏந்தி முன்வரிசைக்கு வந்து, ரசிகர்களையே அழுத்தச் சொல்வார்கள். அன்று அது நையாண்டி. இன்று அந்த அளவுப் பெட்டிகளை மட்டும் வைத்து ஒரு மணி நேரம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அளவு சுருங்கியதில் எதையோ விட்டுக்கொடுக்கவும் வேண்டியிருந்தது, இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். 808-இலும் 909-இலும் கிக்குக்குத் தனி, ஸ்னேருக்குத் தனி, ஹை-ஹாட்டுக்குத் தனி என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் தனித்தனியாக வெளிவழி உண்டு. கிளப்பில் கிக்கை மட்டும் ஏற்றி, கைதட்டலுக்கு மட்டும் எதிரொலி கொடுத்து வாசிக்கலாம். வோல்காவில் இருப்பது ஹெட்போன் மாட்டும் ஒரே சின்னத் துளை. எல்லாம் கலந்தேதான் வெளியே வரும். அந்தச் சின்னச் செருகி மேசை அதிர்கிற இடத்தில் கழன்றுகொள்ளவும் கூடும். குமிழ்களோ கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று இடிக்கிற நெருக்கத்தில். வீட்டு மேசையில் இவை குறையே அல்ல. நள்ளிரவு மேடையில் குறை. ஒதுக்க முடிந்த பணத்தை நாலு குட்டிப் பெட்டிக்குப் பிரிப்பதைவிட, தனி வெளிவழிகளும் பெரிய பொத்தான்களும் உள்ள ஒரு தாளப் பெட்டி, குமிழைத் திருகத் தோதான ஒரு பேஸ் பெட்டி என்று இரண்டோடு நிறுத்திக்கொள்வது புத்தி. சிகாகோவின் பல இசைத்தட்டுகள் அதைவிட அதிகமாக எதையும் கேட்கவில்லை.

ரோலண்டும் கடைசியில் தன் பழைய பெட்டிகளின் வழிக்கே வந்தது. 2014-இல் டிஆர்-8, 2016-இல் 909-ஐயும் 303-ஐயும் உள்ளங்கைக்குச் சற்றே பெரிதாகச் சுருக்கிய டிஆர்-09, டிபி-03. 2019-இல் பெரிங்கர் நிறுவனம் 303-இன் நகலை வோல்கா விலைக்கே கொடுத்தது. முதல் 303 இன்று சேகரிப்பாளர்களின் பொருள், சில ஆயிரம் டாலர் கேட்கிறார்கள்.

தாளப் பெட்டி வந்தால் தாளக்காரர் வயிற்றில் அடி என்ற பயம் ஆரம்பம் முதலே உண்டு. 1982-இல் பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை சிந்தசைசருக்கும் தாளப் பெட்டிக்கும் எதிராகத் தீர்மானமே போட்டது. தமிழ்நாட்டிலும் அந்தப் பயம் வந்தது, ஆனால் இங்கே வந்த பெட்டி வேறு. அதே ரோலண்டின் 'ஆக்டோபேட்'. 1985-இல் வந்த முதல் வடிவத்தில் எட்டு ரப்பர் தட்டுகள், குச்சியால் அடித்தால் மிடி வழியாக வேறு கருவியில் சத்தம் எழும். பின்னால் வந்த எஸ்பிடி வரிசையில் சத்தங்களும் உள்ளேயே வந்துவிட்டன, தபலா முதற்கொண்டு. லைட் மியூசிக் குழுக்களிலும் ஊர்த் திருவிழா ஆடல் பாடல் மேடைகளிலும் ஒரு கீபோர்டும் ஒரு பேடும் இருந்தால் பாதிக் குழு தயார் என்ற நிலை வந்தது. ஒரே ஆள் டிரம்ஸ், டோலக், தபலா மூன்றையும் பார்த்துக்கொண்டார். மற்ற இரண்டு பேரின் சம்பளம் மிச்சமானது. சம்பளம் போன இரண்டு பேரைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆனால் 16 பொத்தான் சீக்வென்சர் அந்த மேடைகளில் பெரிதாக வேர் பிடிக்கவில்லை. காரணம் பாட்டிலேயே இருக்கிறது. சிகாகோவின் ஹவுஸ் நிமிடத்துக்கு 120 அடி என்றால் பத்து நிமிடமும் 120-தான். திரைப்பாட்டு அப்படியல்ல. பல்லவி ஒரு நடையில், இடையிசை இன்னொரு நடையில், சரணத்துக்குள் போகும்போது தாளம் நின்று மறுபடி எழும். கூட்டம் ஒன்ஸ் மோர் கேட்டால் பாடகர் எங்கிருந்து எடுப்பார் என்று பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது. பொத்தான் வரிசை அதற்குள் அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். குச்சி பிடித்த கை மட்டும் பாடகரின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்து, அவர் வாயெடுத்த இடத்தில் அடியை வைக்கும்.